உள்ளே தொண்ணூற்றேழு பாகை: ரொத்மியர் ஸ்டோரின் எலக்ட்ரீசியன் தயாபரன் அவர்களுக்கு

பதுளை, ரொத்மியர் தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் வாய்வழக்கில் ஸ்டோரில், முப்பத்தாறு ஆண்டுகள் மின்னோடு மல்லுக்கட்டி, மின்னையே மண்டியிட வைத்து, இன்று மிடுக்கோடு விடைபெறும் மின்வேந்தர் திருவாளர் தயாபரன் அவர்களுக்கு, அவர் கைபட்டு எழுந்த மோட்டர்களும், அவர் கண்பட்டு எரிந்த பல்புகளும், அவர் வாய்பட்டு வாடிய நாங்களும் ஒன்றுகூடி, உவகை பொங்க, உள்ளம் நெகிழ, உரத்த குரலில் வாசித்தளிக்கும் மடல்!

வெளிச்சத்தின் வேந்தரே!

தாங்கள் இந்த ஸ்டோருக்குள் முதன்முதலாகக் காலடி வைத்த நாளில், பதுளையிலிருந்து பண்டாரவளை வரை நின்ற மின்கம்பங்கள் யாவும் ஒருமுறை முதுகை நிமிர்த்தி நின்றதாகச் சொல்வார்கள். சொன்னது வேறு யாருமல்ல, நான்தான். ஆனால் முப்பத்தாறு வருடமாக எந்தக் கம்பமும் வந்து மறுக்கவில்லை.

இதை எழுதுகிறவன் றோய். சென்ற மார்கழி வரை இதே ஸ்டோரில் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாக வெளியே போகும் வரை நடக்கும் அத்தனைக்கும் பொறுப்பாளி. இப்போது ஐந்து மாதமாக எதற்கும் பொறுப்பில்லை. காலை எட்டு மணி வரை போர்வைக்குள் கிடக்கிறேன். சங்கு ஊதும்போது ஒரு கண்ணைத் திறந்து, "எனக்கில்லை" என்று சொல்லி மூடிக்கொள்கிறேன். அந்தப் பேரின்பக் கூட்டத்தில் தாங்களும் வந்து சேருகிறீர்கள் என்று கேட்டு முற்றத்தில் ஆனந்தக் கூத்தாடியவன் என்பதால், இந்த மடல் எழுதும் வேலையை ஊழியர்கள் எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். "கொஞ்சம் கூட்டி எழுதுங்க டீமேக்கர் ஐயா, ஆனா நம்புற மாதிரி இருக்கணும்" என்று நிபந்தனையும் போட்டார்கள். முதற்பாதியை முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன்.

அஞ்சாமையின் ஆணிவேரே! ஆத்திரத்தின் அடைமழையே!

இடி இடித்தால் நாங்கள் பிளக்கைக் கழற்றுவோம். தாங்களோ கூரைமேல் நின்றபடி, "கொஞ்சம் பொறு, இந்த வயர முடுக்கிட்டு வாரேன்" என்று வானத்தைப் பார்த்து அதட்டுவீர்கள். இடியும் அடக்க ஒடுக்கமாகப் பசறைப் பக்கம் போய் விழுந்துவிட்டு வரும். ஈரக்கையோடு சுவிட்ச்சைத் தொட்ட எவனையும் மின்சாரம் கொன்றதில்லை. தங்கள் வாய் அதற்கு இடம் வைத்ததில்லை. தங்கள் மகளின் திருமணப் படத்தில் பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, சட்டைப்பையில் மின் பார்க்கும் டெஸ்டர்! படம் எடுத்தவர் அதைக் கழற்றச் சொன்னதற்கு, "மண்டபத்து வயரிங்க பாத்தீங்களா? நான் இதோடதான் நிப்பேன்" என்றீர்கள். சம்பந்தி வீட்டார் இன்றுவரை அதை ஏதோ பரம்பரை ஆபரணம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முப்பத்தாறு ஆண்டுகளில் ஸ்டோர் நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணலாம். தங்களுக்கு வந்த காய்ச்சல்களையும் அப்படியே எண்ணலாம். காய்ச்சலோடும் வேலைக்கு வந்து, டிரையரின் சூட்டை விடத் தங்கள் சூடு கூடுதலா என்று கை வைத்துப் பார்த்தவர் தாங்கள். இவையெல்லாம் ஊர் அறிந்தவை. இவற்றை மட்டும் எழுதிவிட்டு, "நீடூழி வாழ்க" என்று முடித்தால் மூன்று நிமிடத்தில் வடையும் தேநீரும் வந்துவிடும். ஆனால் இன்று இந்தக் கூட்டம் ஏன் இரண்டு வருடத்துக்கு முன்கூட்டியே நடக்கிறது என்பதை யாரும் மேடையில் சொல்லப் போவதில்லை. தாங்களும் சொல்லமாட்டீர்கள். அதனால் வடையைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன்.

கூர்மதிக் கொற்றவரே!

மூன்று வருடத்துக்கு முன் நமது ஸ்டோருக்குக் கலர் சோர்ட்டர் வந்தது. விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன்: தூளில் கலந்திருக்கும் குச்சியையும் நாரையும் கெமராவால் பார்த்து, காற்றை ஊதித் தள்ளிப் பிரிக்கும் மெசின் அது. முன்பு அதையே நாற்பது பேர் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள் என்று எழுதியிருந்தேன். எட்டுப் பேர் என்று திருத்தச் சொல்கிறார்கள். சரி, எட்டு.

அந்த மெசினுக்கு மூளை ஒரு சிலிக்கன் சில்லு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த ஒரே சில்லுக்குள் ஒரு கணினி. அதன் பக்கத்திலேயே, வேலைக்கு ஏற்றபடி நாம் மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய மின்சுற்று. அதோடு விட்டதா? தன் உடம்புச் சூட்டைத் தானே அளந்துகொள்ளும் வெப்பமானியும், தனக்குள் பாயும் வோல்ட்டளவைத் தானே பார்த்துக்கொள்ளும் மானியும் கூட அந்த நகத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன. இப்போது எவ்வளவு, மின் கொடுத்த நேரத்திலிருந்து அதிகம் எவ்வளவு, குறைவு எவ்வளவு என்று நினைவும் வைத்திருக்கும். மெயின் சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் அந்த நினைவு அழிந்துபோகும்.

இந்த இலக்கங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போக, மெசின் திரையில் ஏழு படி இறங்க வேண்டும். மெசினைப் பொருத்திப் பூட்ட வந்த கம்பனிப் பொடியன், "அது நமக்குத் தேவையில்லாத பக்கம் அண்ணே" என்றான். நீங்கள் ஏழு படியும் இறங்கினீர்கள். இறங்கி நின்று, வாயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"தன்னப் பத்தித் தானே இவ்வளவு பேசுற ஒண்ண இப்பதான் தம்பி பாக்குறேன். நம்ம டீமேக்கரத் தவிர."

சிரித்தவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் அன்று மெசினோடு வந்த கைநூலின் ஓரத்தில் பென்சிலால் நீங்கள் எழுதிவைத்த இரண்டு இலக்கங்கள்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தன: சூடு அறுபத்தொரு பாகை; வோல்ட்டளவு ஒன்று.

அந்த மெசினை இயக்க நிறுத்தப்பட்டவர் பவுலினா. பத்தொன்பது வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். பதினோராம் நம்பர் மலையில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்து முழங்கால் சிதைந்து, இனிச் சரிவில் ஏறக்கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஏறாமல் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? கலர் சோர்ட்டர் இருந்தது. ஒரு பித்தானை அழுத்தி, ஒரு திரையைப் பார்த்து, சனிக்கிழமை தோறும் முன்பின் வலைகளைத் தூரிகையால் துடைத்து, துடைத்ததற்குத் தாளில் சரி போடும் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் மெசின் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிவைத்தது போல இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாடும்போது மட்டும் கூரைத்தகரம் அதிரும். இது கூட்டிச் சொன்னதல்ல. நான் அதே கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன்.

பக்தியின் பொற்சுடரே!

சென்ற புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. ரொத்மியர் ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் அது உங்கள் கைப்பூசைதான். ரோலர், டிரையர், சல்லடை எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, திருநீறும் சந்தனமும் பூசி, பூச்சரம் சாத்தி, பொரிகடலை பங்கு வைப்பீர்கள். வேதக்காரனாகிய நான் பொரிகடலைக்கு முதல் ஆளாய்க் கை நீட்டுவதை நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "ஐயா, இது மூணாவது வாட்டி" என்று சொன்னது குறையல்ல, கணக்கு.

எல்லா மெசினையும் விட அந்தக் கலர் சோர்ட்டர்தான் உங்களுக்குச் செல்லப்பிள்ளை. அதற்கு மட்டும் தண்ணீரில் குழைத்த திருநீற்றை மூன்று விரலாலும் அகலமாய் இழுத்து, நடுவில் ஐந்து ரூபாய்க் காசளவுக்குச் சந்தனம் வைத்தீர்கள். முகத்தில் பூசினால் திரைக்கு ஆகாது என்று அக்கறையோடு யோசித்து, முதுகில் பூசினீர்கள். முதுகில் இருந்தது காற்று உள்ளே போகும் வலை.

அந்தச் சனிக்கிழமை பவுலினா தூரிகையோடு வந்து உங்களிடம் கேட்டார்: "அண்ணே, பின்வலையில பூசை சந்தனம் இருக்கு. தொடைக்கலாமா?"

"சாமிக்கு வச்சதும்மா. அதுல கை வைக்காத. தானா உதிரட்டும்."

"சரிங்கண்ணே."

அவ்வளவுதான். நம் ஸ்டோரில் பூசைச் சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. ரோலர் தூணில் ஐந்து வருடத்துச் சந்தனம் அடுக்கடுக்காக இருக்கிறது. நீங்கள் சொன்னதை அன்று மாலையே மறந்துவிட்டீர்கள். பவுலினா மறக்கவில்லை. வேறு சாமியைக் கும்பிடுகிறவர் என்பதால், உங்கள் சாமிக்கு வைத்ததை இன்னும் கூடுதல் பத்திரமாகக் காப்பாற்றினார். தாளில் பின்வலைக்கு நேரே சரி போடாமல், பொய்யும் எழுதாமல், ஒரு சிறு கோடு போட்டார்.

மூன்றாவது வாரத்தில் மெசின் நிற்கத் தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை. பிறகு நாளுக்கு மூன்று முறை. திரையில் "பிழை 14" என்று வரும். யாராவது ஓடிப்போய் மெயின் சுவிட்ச்சை அணைத்துப் போடுவார்கள். கொஞ்ச நேரம் ஓடும். கம்பனிக்குப் போன் பண்ணினோம். தொலைவிலிருந்தே நோய் கண்டுபிடிக்கும் மகான் ஒருவர் அங்கே இருந்தார். "தோட்டத்துக் கரண்ட் சரியில்லை, வோல்ட் ஆடுது, அதோட ஒப்பரேட்டர் கண்டபடி அணைச்சுப் போடுறாங்க, கார்ட் பழுதாகியிருக்கும்" என்றார். ரோலர் கிளம்பும்போது நம் விளக்குகள் ஒருகணம் கண் சிமிட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே எல்லோரும் நம்பினோம்.

ஒரு புதன்கிழமை, உதவி முகாமையாளர் விஜேந்திரன் அவர்கள் துடைப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பவுலினாவை அலுவலகத்துக்கு அழைத்தார். நானும் அங்கே இருந்தேன். நீங்கள் டிரையர் மோட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பவுலினா, பின்வலைக்கு அஞ்சு வாரமாக் கோடு போட்டிருக்கீங்க. தொடைக்கலையா?"

"தொடைக்கலைங்க சேர்."

"ஏன்?"

விஜேந்திரன் அவர்கள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"மறந்துட்டீங்களா?"

பவுலினா தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம், "ஆமாங்க சேர்" என்றார்.

மறந்ததை மறைக்காமல் ஐந்து வாரம் கோடு போட்ட ஒருத்தியை உலகத்தில் எங்கே பார்த்திருக்கிறோம்? எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பவுலினா மலைக்கு என்று முடிவானது.

மின்சாரத்தின் மானங்காத்த மாவீரரே!

தேநீர் வேளையில் நான் வந்து உங்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பவுலினாவின் பெயரைச் சொல்லும்வரை நீங்கள் பொறுக்கவில்லை. "வோல்ட் ஆடுது" என்ற இடத்திலேயே கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஆர் சொன்னது? என் கரண்டா? என் கரண்டு மேலயா பழியப் போடுறானுங்க?"

"தயா, நான் சொல்ல வந்தது பவுலினாவ..."

"பவுலினாவ அப்புறம் பாப்போம். மொதல்ல என் கரண்ட பாப்போம்!"

அந்தக் கர்ஜனையில் கொழுந்து வாட்டும் மாடியில் கிடந்த கொழுந்தெல்லாம் பத்து நிமிடம் முன்னதாகவே வாடிவிட்டதாக அன்றைய பதிவேட்டில் எழுதலாமா என்று யோசித்தேன். மிச்சக் கதையையும் ஒருவழியாகக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்திலேயே வந்து நின்று உத்தரவு போட்டீர்கள்: மெசின் நின்றால் எவரும் சுவிட்ச்சை அணைக்கக்கூடாது, அணைத்தால் சில்லு தன் நினைவை இழந்துவிடும், அணைக்காமல் உங்களைக் கூப்பிட வேண்டும். அதுவரை வாரக்கணக்கில் நாங்கள் என்ன செய்திருக்கிறோம்? சாட்சி வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

வியாழக்கிழமை இரண்டு மணி. மெசின் நின்றது. பவுலினா கையைக் கட்டிக்கொண்டு, சுவிட்ச்சைத் தொடாமல் நின்றார். நீங்கள் டிரையர் பக்கமிருந்து ஓடி வந்தீர்கள். அறுபதை நெருங்கிய மனிதர் ஓடியதாகத் தெரியவில்லை. பதுளை ஸ்டேசனுக்கு ரெயில் வந்தது போல இருந்தது. ஏழு படி இறங்கினீர்கள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

உள்வோல்ட்டளவு: குறைந்தது 0.99. கூடியது 1.01. வெளியே ரோலர் கிளம்பி விளக்குகள் கண் சிமிட்டினாலும், சில்லுக்குள் பாய்ந்த ஒரு வோல்ட் இமைகூட அசைக்கவில்லை.

"பாத்தீங்களா ஐயா! பாத்தியா பவுலினா! என் கரண்டு சுத்தத் தங்கம்!"

அந்த நிமிடம் நீங்கள் ஆடிய ஆட்டத்தை நான் கூட்டி எழுதத் தேவையில்லை, கூட்ட இடமில்லை. ஆனால் அதற்குக் கீழ்வரியில் இன்னொரு இலக்கம் இருந்தது. சூடு, கூடியது: தொண்ணூற்றேழு பாகை. மெசின் வந்த நாளில் நீங்கள் பென்சிலால் எழுதியது அறுபத்தொன்று. கரண்ட் குற்றமற்றது, சுவிட்ச் குற்றமற்றது, பவுலினாவின் விரல் குற்றமற்றது. உள்ளே வெந்துபோன சில்லு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேலையை நிறுத்தியிருக்கிறது.

"வெந்தா? காத்தாடி ஓடுதே!" என்று சொல்லிக்கொண்டே மெசினின் பின்னால் போனீர்கள். வலைக்கு முன் கையை நீட்டினீர்கள். காற்றாடி சுற்றும் சத்தம் இருந்தது. இழுக்கும் காற்று இல்லை. டோர்ச்சை அடித்தீர்கள்.

அங்கே உங்கள் மூன்று பட்டைத் திருநீறு. ஈரத்தோடு பூசியதில் ஸ்டோரில் பறக்கும் தேயிலைப் பஞ்சு ஒட்டி, அதன்மேல் இன்னும் ஒட்டி, ஐந்து வாரத்தில் ஆட்டுரோமக் கம்பளி போலத் தடித்து, வலையை முழுவதுமாக மூடியிருந்தது. நடுவில் ஐந்து ரூபாய்ச் சந்தனம், பத்திரமாக.

டோர்ச்சை அணைத்தீர்கள். முப்பத்தாறு வருடத்தில் முதன்முறையாக மெல்லிய குரலில், திரும்பாமலே கேட்டீர்கள்:

"நான்தானே தொடைக்காதேன்னு சொன்னேன்?"

"ஆமாங்கண்ணே."

"நேத்து ஆபீஸ்ல கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"வைகாசிக்கு அப்புறம் உங்களுக்கு ரெண்டு வருசம் கூட்டிக் குடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. இதச் சொன்னா அது நின்னுரும். எனக்கு மலை பழகுன எடம்தானேண்ணே."

"ஒன் முட்டி?"

"அது கெடக்கு."

விருந்தினர்களே, அந்த இரண்டு வருடம் இவருக்கு எவ்வளவு தேவை என்று ஸ்டோர் முழுவதும் தெரியும். நீடிப்புக் கடிதம் தலைமை அலுவலகத்தில் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வீட்டில் இருப்பதை நினைத்தாலே இவருக்கு மூச்சு முட்டும். "வீட்டுல ரெண்டு பல்பு, ஒரு பேன். அது பழுதாகுற வரைக்கும் நான் என்ன செய்யிறது?" என்று மாதக்கணக்கில் எங்களைக் கேட்டவர்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். மடலில் மற்றவர் பெருமையை எழுதுகிறவன் தன் சிறுமையையும் ஒரு வரி எழுதவேண்டும். நான் உங்களை ஒருபக்கம் இழுத்துச் சொன்னேன்:

"தயா, தூரிகையக் கொண்டா. தொடைச்சிட்டுப் பேசாம இருப்போம். மெசின் தானா சரியாயிருச்சுன்னு நான் தொரைகிட்டச் சொல்லிடுறேன். பவுலினாவையும் மெதுவாப் பேசி இங்கயே வச்சிக்கலாம். ஒனக்கும் கடிதம் வந்துரும்."

நல்ல யோசனை என்றுதான் இப்போதும் சிலவேளை நினைக்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த நினைப்பு மறுபடி படுத்துக்கொள்கிறது.

"ஐயா, அந்தப் புள்ள எனக்காகப் பேசாம நின்னுச்சு. நீங்க எனக்காகப் பொய் சொல்றேங்கிறீங்க. நானும் வாய மூடிக்கிட்டா, இந்த ஸ்டோர்லயே உண்மை பேசுனது அந்த நகத்தளவு சில்லு ஒண்ணுதான்னு ஆயிரும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட அதத் தொறந்து பாக்குறது?"

வாய்மையின் வானுயர் கோபுரமே! இந்த அடைமொழியை நான் எல்லாப் பிரியாவிடையிலும் பயன்படுத்தியிருக்கிறேன். இன்றுதான் அது பொருந்துகிறது.

வெள்ளிக்கிழமை காலை வலையைக் கழற்றி, பஞ்சோடும் பட்டையோடும் அலுவலக மேசைமேல் வைத்தீர்கள். கைநூலையும் பக்கத்தில் வைத்தீர்கள். விஜேந்திரன் அவர்கள் வலையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"இது ஆர் செஞ்சது ஐயா?"

"பட்டை என்னது. தொடைக்காதேன்னு சொன்ன வாயும் என்னது. பவுலினா கேட்டுட்டுத்தான் விட்டிச்சு. கரண்டு மேல பிழையில்ல சேர், அத மட்டும் தயவுசெஞ்சு கம்பனிக்காரனுக்குக் கொட்டை எழுத்துல எழுதிருங்க."

விஜேந்திரன் அவர்கள் நல்ல மனிதர்; இந்த மேடையில் இருப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "ஐயா, நான் இத எழுதாமலும் விடலாம்" என்றார்.

"எழுதாட்டி அந்தக் கோடு பவுலினா பேர்லயே நின்னுரும். எழுதுங்க சேர்."

எழுதினார். பவுலினாவை அனுப்பும் உத்தரவு அந்த மேசையிலேயே கிழிந்தது. வலையைக் கழுவிப் பூட்டினோம். நாற்பது நிமிடத்தில் சூடு அறுபத்துமூன்றுக்கு இறங்கியது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பவுலினா, "அறுபத்திமூணு" என்று உரக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் உரத்த குரலை நாங்கள் கேட்டது அன்றுதான். தை மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து உங்கள் கடிதமும் வந்தது. நீடிப்பு இல்லை, கவனக்குறைவு என்று காரணம், வைகாசியோடு ஓய்வு. நீங்கள் அதைப் படித்து, நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரோலருக்குக் கிரீஸ் அடிக்கப் போய்விட்டீர்களாம்.

முப்பத்தாறு வருடச் சேவைக் கோப்பில் ஒரேயொரு கரும்புள்ளி. அதைத் தன் கையாலேயே வாங்கி வைத்துக்கொண்ட மனிதரைப் பாராட்டும் கூட்டம் இது. கோப்பில் உள்ள மற்றப் பக்கங்களையெல்லாம் எரித்துவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினாலும் தகும்!

வரும் புரட்டாசிப் பூசைக்கென்று மெசினின் காலில் ஒரு பித்தளைத் தகட்டை ஆணியடித்துவிட்டுப் போகிறீர்கள். பட்டையும் சந்தனமும் இனி அதில்தான். ரோலர்க்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். தாளில் பின்வலைக்கு நேரே கோடு போட்டால் பக்கத்தில் காரணமும் எழுதவேண்டும் என்று இப்போது சட்டம். அந்தச் சட்டம் போட்டவர் விஜேந்திரன் அவர்கள், கேட்டு வாங்கியவர் நீங்கள்.

இல்லறத்தின் இனிய சிறையில் இன்று புகும் இளங்கைதியே!

நூறாண்டு வாழ்க என்று நாங்கள் வாழ்த்தப் போவதில்லை. நூறு உங்களுக்குப் போதாது, அக்கம்பக்கத்து வீடுகளின் வயரிங்கைத் திட்டித் தீர்க்கவே எழுபது வேண்டும். உடல்நலம் ஓங்குக! உங்கள் குரல் குறையாதிருக்க, கேட்பவர் காதும் குறையாதிருக்க! உங்கள் துணைவியார் ஜெயலெட்சுமி அவர்களுக்கு, இனிமேல் பகலெல்லாம் உங்களோடிருக்கும் பொறுமையை எல்லாம் வல்ல இறைவன் இருமடங்காக அருள்க! காலை எட்டு மணிக்கு முன் எழும்பினால் என் வீட்டுப் பக்கம் வராதிருக்கும் நற்புத்தியை உங்களுக்கும் அருள்க!

கையெழுத்து வாங்கப் போனபோது பவுலினா தானும் ஒரு வரி சொல்லவேண்டும் என்றார். "நான் சொல்றத அப்படியே எழுதுங்க டீமேக்கர் ஐயா. உங்க கைச்சரக்கு ஒண்ணும் சேக்காதீங்க" என்றார். சேர்க்கவில்லை. அவர் சொன்னது இது:

"அண்ணே, இன்னைக்கும் நான் மலை ஏறல."

இங்ஙனம்,
தங்கள் மீது தணியாத அன்பு கொண்ட
ரொத்மியர் தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்கள் அனைவரும்
பதுளை, வைகாசித் திங்கள்